இருளப்பன் குடியிருக்கும் இடம்

1

என் வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஷார்ஜாவில் மகன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, கைபேசியில் அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் பக்கத்து வீட்டில் இருக்கும் மரகதம் அனுப்பிய படம். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்தோம், வீடு பூட்டியிருந்தது, உரிய நாளுக்குள் தொடர்பு கொள்ளாவிட்டால் தங்கள் பெயர் நீக்கப்படலாம் என்று எழுதியிருக்கிறது. நான்கு மூலையிலும் பசை தடவி, சுருக்கம் விழாமல் ஒட்டியிருக்கிறார்கள்.

கூடவே மரகதத்தின் குரல்.

"அண்ணே, ஊரு பேரையெல்லாம் லிஸ்ட்டுல ஏத்துனவுக பேரையே எடுக்கப்போறாகளாம். எனக்குச் சிரிப்பா வருது. என்ன செய்யணும்னு சொல்லுங்க."

அவள் சிரித்ததில் நியாயம் உண்டு. ஓய்வு பெறும்வரை எங்கள் தாலுகா அலுவலகத்தில் தேர்தல் பிரிவுத் துணை வட்டாட்சியராக இருந்தவன் நான். மனைவி இறந்த பிறகு மகன் கதிர் இங்கே அழைத்து வந்துவிட்டான்.

அன்று காலைதான் இங்குள்ள அடையாள அட்டையைப் புதுப்பிக்கக் கைரேகை வைத்துவிட்டு வந்திருந்தோம். பெற்றோருக்கான விசாவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் என் விரல்கள் கொஞ்சம் தேய்ந்திருக்கும். கவுன்டரில் இருந்த ஊழியர் ஈரத்தாளால் என் விரல்களைத் துடைத்தார், ஏதோ களிம்பு தடவினார், "பாபா, ஜோர் சே, ஜோர் சே" என்று பலமாக அழுத்தச் சொல்லி, தன் கையால் என் கையை அமுக்கினார். மற்ற விரல்கள் எப்படியோ வந்துவிட்டன. இடது ஆட்காட்டி விரல் மட்டும் கடைசிவரை வரவில்லை. எத்தனையோ பேருடைய இடது ஆட்காட்டி விரலில் மை வைக்க ஏற்பாடு செய்தவனுக்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டீஸைப் பற்றிக் கதிரிடம் சொன்னபோது பேத்தி ரியா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். "தாத்தா, பட் யூ லிவ் ஹியர், நோ? அங்க எதுக்கு வோட்?"

கதிர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதையே நான் ஒரு மனிதரிடம் சொல்லியிருக்கிறேன். தமிழில், அலுவலக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு.

2

எனக்கு ஊர் ஞாபகம் என்றால் வயலோ கோயிலோ முதலில் வராது. அரக்கு உருகும் வாசனைதான் வரும்.

வாக்குப்பதிவுக்கு முதல் நாள் உயர்நிலைப்பள்ளி மைதானம் எங்கள் வசம் இருக்கும். சாவடிக்கு ஒரு கோணிப்பை. அதற்குள் மெழுகுவர்த்தி, நூல்கண்டு, அரக்குக் கட்டி, பித்தளை முத்திரை, மைக்குப்பி, மைக்குப்பி சாயாமல் இருக்க மணல் நிரப்பி வைக்க ஒரு கிண்ணம். மைக்குப்பியை மறந்துவிட்டு லாரியில் ஏறிவிடும் வாத்தியார் ஒவ்வொரு தேர்தலிலும் ஒருவராவது இருப்பார். "சார், கொழம்பு ஊத்தாத இட்லி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியைச் சரிபார்ப்பார்கள். கைக்குழந்தையோடு வந்த டீச்சர்களைப் பக்கத்துச் சாவடிக்கு மாற்றிக் கொடுப்பது என் அதிகாரத்தில் இருந்த சின்னச் சந்தோஷம். பெட்டிகள் திரும்பி வந்து அறைக்குள் போனதும், பூட்டின் மேல் துணி சுற்றி, அரக்கு ஊற்றி, அது ஆறுவதற்குள் முத்திரையை அழுத்துவேன். விரல் சுடும். அந்தச் சூடு ஒரு பெருமையாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு நோய் இருந்தது. அதற்குப் பெயர் வெளிநாட்டு ஓட்டு. கண்மாய்க்கரை ஊர்களில் பாதி ஆம்பிளைகள் சவுதியிலும் மஸ்கட்டிலும் இருப்பார்கள். பெயர்கள் பட்டியலில் இருக்கும். யார் யார் ஊரில் இல்லை என்பது கட்சி ஏஜெண்டுகளுக்கு மனப்பாடம். மத்தியானத்துக்கு மேல் கூட்டம் குறைந்ததும் அந்தப் பெயர்களில் வேறு ஆட்கள் வந்து போட்டுவிட்டுப் போவார்கள். சவுதியின் ஜுபைலில் வெல்டிங் பிடித்துக்கொண்டிருப்பவன் இங்கே ஓட்டுப் போட்டதாகக் கணக்கு இருக்கும்.

இதை ஒழிக்க வேண்டும் என்று நான் நினைத்தது தப்பில்லை. ஒழித்த விதம்தான் தப்பு. கள்ள ஓட்டுப் போடுகிறவனைப் பிடிப்பது கஷ்டம். ஊரில் இல்லாதவன் பெயரை அடிப்பது சுலபம். நான் சுலபமானதைச் செய்தேன். எங்கள் தாலுகாவின் பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று ஆட்சியர் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன்.

3

பெயர் நீக்க ஒரு முறை உண்டு. நேரில் போய் விசாரிக்க வேண்டும். கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பதில் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகுதான் சிவப்பு மையால் அடிக்கலாம். பயிற்சி வகுப்பில் இதை எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இன்னொன்றும் சொல்வேன்: "விசாரணைக்குப் போற வீட்டுல தண்ணியத் தவிர எதுவும் வாங்கிக் குடிக்காதீங்க. காபி குடிச்சா கை எழுதாது."

சித்திரை வெயிலில் தலையாரியோடு கண்மாய்க்கரை ஊர் ஒன்றில் ஒரு தெருவுக்குப் போனேன். வெளிநாட்டுக்காரர் வீடுகளை யாரும் காட்ட வேண்டியதில்லை. இரும்புக் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கும். அப்படி ஒரு கேட்டைத் திறந்துகொண்டு இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்தார். பெயர் பஞ்சவர்ணம்.

"வீட்டுக்காரர் இருளப்பன் இருக்காராம்மா?"

"அவுக சவுதியில இருக்காக சார். ஜுபைலு. பெரிய கம்பெனி." சொல்லும்போது முகம் மலர்ந்தது. பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார். "உள்ள வாங்க, வெயில்ல நிக்கிறீகளே."

கணவர் அனுப்பிய ஆரஞ்சுப் பொடியைக் கரைத்து, பானைத் தண்ணீரில் கலந்து, எவர்சில்வர் டம்ளரில் கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கடைகளில் அது கிடைக்காது. அந்த நிறமே ஒரு அதிசயம். அந்தத் தெருவில் எந்த வீட்டில் அது கலக்கப்பட்டாலும் விருந்தாளி பெரிய ஆள் என்று அர்த்தம்.

"இனிப்பு போதுமா சார்?"

"போதும்மா."

குடித்துக்கொண்டே பட்டியலைத் தொடையில் வைத்து, இருளப்பன் பெயருக்கு எதிரே 'வெளிநாடு' என்று எழுதினேன். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் அதே பெருமையோடு அதே பதிலைச் சொன்னார்கள். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். புருஷன் அந்தஸ்தைச் சொல்லப்போய் அவன் ஓட்டைப் பறிகொடுத்தார்கள்.

நோட்டீஸ் எதையும் நான் ஒட்டவில்லை. நேரமில்லை. 'ஒட்டப்பட்டது' என்று மட்டும் எழுதினேன்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு இருளப்பன் லீவில் வந்திருக்கிறார். புதுச்சட்டை போட்டுக்கொண்டு, மனைவியோடு சாவடிக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். பஞ்சவர்ணம் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. "சவுதிக்காரரே, ஒட்டகத்துக்கிட்ட போயி ஓட்டுக் கேளும்" என்று ஏஜெண்டுகள் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கறுத்து, மெலிந்து, கண்ணோரம் வெல்டிங் பொறி பட்ட தழும்போடு.

"சார், நான் செத்துப்போயிட்டேனா?"

"இல்லப்பா. நீ இங்க குடியிருக்கல. சட்டப்படி இங்க குடியிருக்கிறவனுக்குத்தான் ஓட்டு."

"அப்ப நான் எங்க சார் குடியிருக்கேன்? அங்க கேம்ப்ல அடுக்குக் கட்டில்ல மேல்தட்டு எனக்கு. காண்ட்ராக்ட் முடிஞ்சா அந்தத் தட்டும் இன்னொருத்தனுக்கு. அங்கயும் என்னையக் குடியிருக்கிறவன்னு யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க, நான் எங்க குடியிருக்கேன்?"

தற்காலிகமாக வெளியே போனதாலேயே ஒருவன் தன் ஊரில் குடியிருக்காதவன் ஆகிவிட மாட்டான் என்று ஒரு வரி எங்கள் கையேட்டிலேயே இருந்தது. அவருக்காக அதைப் படித்திருக்கலாம். "அடுத்த திருத்தத்துல எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தேன்.

4

என் கதவு நோட்டீஸுக்கு வழி தேடப் போய்த்தான் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று இப்போது தனிப் படிவம் இருப்பதை ஊன்றிப் படித்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் விலாசத்தில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஓட்டை நேரில் போய்த்தான் போட வேண்டும், அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் போட வேண்டும். எனக்கு ஒன்று நிரப்பினேன். கதிரின் கம்பெனியில் டிரைவராக இருக்கும் ஒருவருக்கு ஒன்று நிரப்பிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அவர் தன் கேம்ப் ஆட்களையும் கூட்டி வந்தார்.

வீட்டில் அத்தனை பேருக்கு இடமில்லை. தொழில்பேட்டையில் கராஜ்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கஃபட்டேரியாவில் கதிர் என்னை இறக்கிவிடுவான். கடை நடத்தும் மலையாளி மூலை மேசையைக் கொடுத்தார்.

"சார் இருந்தோ. பட்சே பன்னண்டு மணிக்கு பிரியாணி டைம். அப்போ எலக்ஷன் கலாஸ்." பன்னிரண்டுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

கிரீஸ் வாசனைக்கும் கரக் சாயா வாசனைக்கும் நடுவே எனக்கு மறுபடியும் அலுவலகம் கிடைத்தது. உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடித்திருந்தது. யாராவது வந்து "சார்" என்று நின்று நீண்ட நாளாகியிருந்தது.

மூன்றாவது ஞாயிறு கடைசியாக ஒருவர் வந்தார். நரைத்த மீசை. கூட வந்த இளைஞன் அறையில் கூட இருப்பவனாம். வந்ததும் வராததுமாய்க் கிண்டலை ஆரம்பித்தான். "சார், எங்க அண்ணன் இது வரைக்கும் ஓட்டே போட்டதில்ல. கன்னி ஓட்டு. பாத்து எழுதுங்க."

"சும்மா கெடடா" என்றார் பெரியவர். பாஸ்போர்ட் நகலை நீட்டினார். பெயரைப் படிப்பதற்கு முன்பே கண்ணோரத் தழும்பைப் பார்த்துவிட்டேன்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. தலை வழுக்கை, வெள்ளைத் தாடி, கனத்த கண்ணாடி, எப்படித் தெரியும்? தாலுகா பெயரையும், ஜுபைலுக்குப் பிறகு ஷார்ஜாவுக்கு வந்ததையும் சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார். "அந்த ஆபீஸ்ல அப்ப ஒரு நெட்டையன் இருந்தான் சார். சட்டப் பையில எப்பவும் ரெண்டு பேனா. ஒண்ணு நீலம், ஒண்ணு செவப்பு. என் பேரை அடிச்சதே அவன்தான். அன்னைக்கு அவன் பேசுன பேச்சுக்கு, இனி எந்த ஆபீசுக்கும் போயி ஓட்டுன்னு கேக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

என் சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள் இருந்தன. கையை மெதுவாக அதன் மேல் வைத்துக்கொண்டேன்.

"இப்ப மட்டும் எதுக்குக் கேக்குறீங்க?"

"இந்த வருசக் கடைசியோட விசாவ முடிச்சுக்கிட்டு கேன்சல்ல ஊருக்கே போறேன் சார். போனப்புறம் கேட்டா ஊர்லயே இருக்கிற ஆளா எழுதிருவாங்க. எனக்கு அது வேணாம். இங்க இருக்கறப்பவே என் பேரு அங்க இருக்கணும். எலக்சனுக்கு லீவும் சொல்லிட்டேன். நான் இத்தன வருசமும் அந்த ஊர்லதான் குடியிருந்தேன்னு ஒரு தடவையாச்சும் அவங்க வாயால சொல்லட்டும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். இந்தத் தேர்தலை விட்டால் அடுத்ததற்கு அவர் வெளிநாட்டுக்காரர் அல்ல.

படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன். பாதியில் ஒரு சிக்கல் நினைவுக்கு வந்தது. படிவம் போனதும் அலுவலர் ஒருவர் ஊரில் அவர் வீட்டுக்குப் போவார். ஆள் வெளிநாட்டில்தான் இருக்கிறாரா என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்பார். ஆமாம் என்று அவர்கள் உறுதி சொன்னால்தான் பெயர் ஏறும்.

இருளப்பன் முகம் மாறிவிட்டது. "அய்யோ சார். அவ சொல்ல மாட்டாளே."

5

அங்கேயே போன் போட்டார். சத்தத்துக்கு நடுவே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"யாரு வந்தாலும் வெளியூரு போயிருக்காக, சாயங்காலம் வந்துருவாகன்னுதான் சொல்லுவேன்" என்றார் பஞ்சவர்ணம். "ரேசன் கார்டுக்கு வந்தப்ப அப்படித்தான் சொன்னேன். சனக்கணக்குக்கு வந்தப்பவும் அப்படித்தான். ஒரு தடவை உள்ளதச் சொல்லிப் பட்டது போதும்."

"இந்தத் தடவை உள்ளதச் சொன்னாத்தான் என் பேரு ஏறும் புள்ள."

"யாரு சொன்னா?"

"இங்க ஒரு சாரு இருக்காரு. பெரிய ஆபீசரா இருந்தவரு."

"அன்னைக்கு வந்தவுகளும் பெரிய ஆபீசருதான். என்ன பதவிசாப் பேசுனாக! எலக்சன் அன்னைக்கு ஊரே பாக்க நீங்க வரிசைய விட்டு எறங்கி வந்தீகளே, அத நான் மறப்பேனா? என் வாயாலதான் போச்சுன்னு எத்தன நாளு அழுதிருப்பேன்."

இருளப்பன் போனை என் பக்கம் தள்ளினார். "நீங்க சொல்லுங்க சார். படிச்சவங்க சொன்னாக் கேப்பா."

படிவத்தில் ஒரு விலாசத்தைத் திருத்துவது போல், விதியைச் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். சட்டம் மாறிவிட்டது, தனிப் படிவம் வந்துவிட்டது என்றேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க சொல்றத நான் எத வச்சு நம்புறது?"

அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"அம்மா, அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தது நான்தான். நீங்க கலந்து குடுத்த ஜூஸைக் குடிச்சுக்கிட்டே அவர் பேருக்கு எதிர எழுதினேன். நோட்டீஸ் ஒட்டாமலே ஒட்டினதா எழுதினேன். நீங்க சொன்ன வார்த்தையால பேரு போகல. நான் என் வேலையச் செய்யாததால போச்சு. அன்னைக்கு எப்படிப் போச்சுன்னு தெரிஞ்ச எனக்கு, இன்னைக்கு எப்படி வரும்னும் தெரியும். அவரு வெளிநாட்டுல இருக்காருன்னு தைரியமாச் சொல்லுங்க."

போனில் ஒரு சேவல் கூவியது. இளைஞன் வாயில் வைத்த பரோட்டாவோடு என்னையே பார்த்தான். இருளப்பன் என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"பேனா ரெண்டு" என்றார்.

பிறகு பஞ்சவர்ணத்தின் குரல், முன்னைவிடத் தாழ்ந்து. "இனிப்பு போதுமான்னு கேட்டேன். போதும்னு சொன்னீக." போனை வைத்துவிட்டார்.

இருளப்பன் என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். கத்தக்கூட இல்லை. நான் பாதி நிரப்பியிருந்த படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "வெறும் படிவம் இன்னொண்ணு இருக்கா?" கொடுத்தேன். பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை. கல்லாவுக்குப் போய் மலையாளியிடம் பேனா கேட்டு வாங்கி வந்தார்.

"நானே எழுதிக்கிறேன். எந்தக் கட்டத்துல என்னன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக, வெல்டர் கோடு இழுப்பது போல நிதானமாக எழுதினார். ஒரே ஒரு முறை நிமிர்ந்தார். "லிஸ்ட்டுல பேரு அவ பேருக்குப் பக்கத்துல வருமா?"

"இல்லை. வெளிநாட்டுல இருக்கிறவங்க பேரெல்லாம் கடைசியில தனியா வரும்."

"அங்கயும் எனக்குத் தனிக் கேம்ப்தானா?" என்றார். இளைஞன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

அவருக்காக நான் சொல்லியிருந்த சாயா மேசையில் ஆடை படிந்து கிடந்தது. தொடாமலே போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கதிரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தனை வருஷம் கழிச்சு அதைச் சொல்லணுமாப்பா? யாருக்கும் ஞாபகம்கூட இருந்திருக்காது" என்றான். நல்ல பிள்ளை, ஆறுதலுக்காகச் சொல்கிறான். ஞாபகம் இருந்தது என்பதைத்தான் நான் அவனுக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

6

பட்டியல் வெளியானதும் முதலில் என் பெயரைத் தேடவில்லை. இருளப்பனின் கண்மாய்க்கரை ஊர்ப் பட்டியலின் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அந்தப் பக்கத்தில் ஒரே பெயர்தான் இருந்தது. எங்கள் காலத்தில் அந்தத் தெருவில் மட்டும் எத்தனையோ பெயர்களை நான் அடித்தேன். அவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களில் கேட்கும் பிடிவாதம் இருந்தவர் இவர் ஒருவர்தான்.

மரகதம் சொன்ன உறுதியில் என் பெயரும் எங்கள் ஊர்ப் பட்டியலின் கடைசியில் ஏறியிருக்கிறது. என் இதயத்தை நம்பி விமானம் ஏற டாக்டர் சம்மதிக்கவில்லை. என் ஓட்டு இந்த முறை யாருக்கும் விழாது. பாஸ்போர்ட் என் அலமாரியில் இருப்பதால் வேறு யாரும் அதைப் போடவும் முடியாது. இப்படி ஒரு பூட்டு அன்றைக்கே இருந்திருந்தால் என்று நினைத்தேன். அன்றைக்கும் கையேட்டில் ஒரு பூட்டு இருந்தது. சாவி என்னிடம்தான் இருந்தது.

தேர்தல் நாளில் மரகதம் மை வைத்த விரலைப் படம் பிடித்து அனுப்பினாள். ரியா அதைப் பார்த்துவிட்டு, "நெயில் ஆர்ட் மாதிரி இருக்கு" என்றாள். தேய்த்தாலும் போகாது, நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, "தாத்தா, நீங்க எவ்ளோ பேருக்கு இத வச்சிருப்பீங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நான் மை வைக்கவிடாமல் செய்த ஆட்களின் முகங்களில் ஒன்று மட்டும் தெரியும் என்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பெரியவளாகட்டும்.

தேர்தல் முடிந்து சில வாரங்கள் ஆன ஒரு ஞாயிறு. படிவ வேலை முடிந்துவிட்டாலும் பழக்கத்தில் கஃபட்டேரியாவுக்குப் போயிருந்தேன். இருளப்பன் உள்ளே வந்தார். லீவு முடிந்து திரும்பியிருந்தார். என் எதிரே உட்காரவில்லை; நின்றபடியே இடது கையை மேசைமேல் வைத்தார். நகத்தின் பாதியில் மை கறுத்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். பார்த்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

"சாவடியில என் பேர உரக்கப் படிச்சாங்க சார். ஊர்ப் பேரையும் சேத்து."

நான் தலையாட்டினேன்.

போகத் திரும்பியவர் நின்றார். "அவ ஒரு சேதி சொல்லச் சொன்னா. விசாரிக்க ஒரு அங்கன்வாடி டீச்சர் வந்துச்சாம். அவுக ஷார்ஜாவுல இருக்காகன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி உரக்கச் சொன்னாளாம்." சொல்ல வேண்டுமா என்று யோசிப்பது போல மீசையைத் தடவினார். "'ஆனா தண்ணி மட்டும்தான் குடுத்தேன்'னு சார்கிட்டச் சொல்லிருங்கன்னா."

"அதுதான் முறை" என்றேன். "சரியாச் செஞ்சிருக்காங்கன்னு சொல்லுங்க."